பழைய கேம் பாணி பிக்சல் ஓவியம்: எந்த மென்பொருளில் வரைவது?

கேள்வி:

"பழைய 8-பிட் கேம் மாதிரி ஒன்று செய்து கொண்டிருக்கிறேன். ஓவியம் முழுக்க நானே வரைய வேண்டும். ஃபோட்டோஷாப் ஓரளவு தெரியும். அதில் பென்சிலை எடுத்துக்கொண்டு வரைந்தால் போதாதா? பிக்சல் ஓவியத்துக்கென்று தனி மென்பொருள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 9

ஒரே ஒரு படம் வரைய ஃபோட்டோஷாப் போதும். கேமுக்குப் போதாது. பென்சிலில் குறை எதுவும் இல்லை, சிக்கல் பேலட்டில், அதாவது படத்துக்கான நிறப் பட்டியலில் இருக்கிறது.

இன்றைய ஓவிய மென்பொருள்களில் ஒவ்வொரு பிக்சலும் தன் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தானே வைத்திருக்கும். பழைய கேம் இயந்திரங்களில் பிக்சலுக்குள் நிறம் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். பேலட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எந்த நிறம் இருக்கிறதோ அது திரையில் தெரியும். பேலட்டை மாற்றினால் படத்தைத் தொடாமலே நிறம் மாறிவிடும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே டைல்கள்தான் (டைல் என்பது திரும்பத் திரும்பப் பயன்படும் சிறு சதுரப் படத்துண்டு). ஒன்றுக்கு வெள்ளைப் பேலட், இன்னொன்றுக்குப் பச்சைப் பேலட். மாரியோவும் லூயிஜியும் அப்படித்தான்.

இப்படி எண்ணாக வரைவதைத்தான் இண்டெக்ஸ்டு மோடு என்கிறார்கள். ஃபோட்டோஷாப்பிலும் அது உண்டு, ஆனால் அதற்கு மாறிய உடனே லேயர்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிவிடும். லேயர் இல்லாமல் ஒரு கதாபாத்திரத்துக்கு நடை, ஓட்டம், தாவல் எல்லாம் வரைய முயன்றால் இரண்டாவது நாளே சலிப்பு வந்துவிடும்.

ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதலில் இதைச் சோதியுங்கள்: இண்டெக்ஸ்டு மோடில் இருந்துகொண்டே லேயரும் ஃப்ரேமும் (அசைவின் ஒவ்வொரு படமும்) சேர்த்து வைத்துக்கொள்ள முடிகிறதா? ஏஸ்பிரைட், லிப்ரஸ்பிரைட், கிராஃபிக்ஸ்கேல், புரோ மோஷன் ஆகியவற்றில் முடியும். மற்றதெல்லாம் பிறகு.

ஜனவரி 10

நான் எதில் வரைகிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். ஏஸ்பிரைட்.

ஜனவரி 10, இரவு

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனது சரியாகப் படவில்லை. காரணங்களையும் சொல்கிறேன்.

பிக்சல் பெர்ஃபெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. கையால் இழுத்து ஒரு பிக்சல் தடிமனில் கோடு போடும்போது திருப்பங்களில் ஒரு பிக்சல் கூடுதலாக விழுந்து மூலை தடித்துப் போகும். அந்தக் கூடுதல் பிக்சலை அது உடனுக்குடன் எடுத்துவிடுகிறது. 16×16 ஸ்பிரைட்டில் (கேமில் நகரும் கதாபாத்திரம் போன்ற சிறு படம்) ஒரு தடித்த மூலை இருந்தாலே முகம் கோணலாகத் தெரியும் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது ஷேடிங் இங்க். பேலட்டில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் நிறங்களை வரிசையாகத் தேர்ந்துகொண்டு பிரஷை ஓட்டினால், பிரஷ் பட்ட ஒவ்வொரு பிக்சலும் அந்த வரிசையில் ஒரு படி நகரும். புது நிறம் எதுவும் உள்ளே வராது. எந்த நிறம் எங்கே என்று தேடித் தேடி எடுக்க வேண்டிய வேலையும் இல்லை. உலோகம், துணி மடிப்பு, பாறை இவற்றை வரையும்போது கை இதற்குப் பழகிவிட்டால் வேறு எதற்கும் போக மனம் வராது.

ஏஸ்பிரைட்டை 2001இல் டேவிட் கபெல்லோ தொடங்கினார். 2016 வரை ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இருந்தது, அப்புறம் உரிமம் மாறியது. மூல நிரல் இன்றும் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம், ஆனால் அப்படிச் செய்ததைப் பிறருக்கு விநியோகிக்கக் கூடாது. உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலிலிருந்து கிளைத்ததுதான் லிப்ரஸ்பிரைட். கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும் என்பவர்கள் அதைத் தயங்காமல் எடுக்கலாம். அடிப்படை வேலை அத்தனையும் அதில் நடக்கும். டைல்களை அடுக்கிப் படம் அமைக்கும் டைல்மேப் லேயர் போன்றவை ஏஸ்பிரைட்டில் பின்னால் வந்தவை, அவற்றை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஜனவரி 14

"கிம்ப்பில் இண்டெக்ஸ்டு மோடில் லேயர் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

இருக்கிறது. நான் தொடங்கியதே கிம்ப்பில்தான், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அனிமேஷனுக்கு அது தோதுப்படாது என்பதால்தான் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கே ஒவ்வொரு லேயரையும் ஒரு ஃப்ரேமாகக் கொள்ள வேண்டியிருக்கும். ஒரு ஃப்ரேமுக்குள்ளேயே உடல் தனி, ஆயுதம் தனி என்று பிரித்து வைக்கப் போனால் சிக்கல்தான்.

அசையாத படங்களுக்கு, அதாவது தலைப்புத் திரை, பின்னணி, டைல்கள் இவற்றுக்கு கிம்ப் தாராளமாகப் போதும். இரண்டு இடங்களில் மட்டும் கவனமாக இருங்கள்.

முதலாவது, இண்டெக்ஸ்டு மோடுக்கு மாறும்போது வரும் பெட்டி. உங்கள் சொந்தப் பேலட்டைத் தேர்ந்த பிறகும், பயன்படாத நிறங்களை நீக்கும் ஒரு தேர்வு அங்கே டிக் அடித்தபடியே இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், உங்கள் படத்தில் 5ஆம் நிறம் இல்லை என்றால் அது காணாமல் போய், 6 ஆக இருந்தது 5 ஆகிவிடும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கேமுக்குள் போய்ப் பேலட்டை மாற்றும்போதுதான் கதாநாயகனின் முகம் பச்சையாகும். எங்கே தவறு என்று தேடினால் எளிதில் கிடைக்காது.

இரண்டாவது, பெரிதாக்கும்போதும் திருப்பும்போதும், பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலக்கும் இன்டர்பொலேஷனை "இல்லை" என்று வைக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இதையே நியரஸ்ட் நெய்பர் என்பார்கள். அப்படியே செவ்வகம் அல்லாத தேர்வுக் கருவிகளில், ஓரத்தை மழுப்பும் ஆன்டி-அலையாசிங் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பென்சில் சுத்தமாக வரைந்தாலும், தேர்வு செய்து வெட்டி நகர்த்தும்போது ஓரத்தில் அரைகுறை நிறங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி 15

கிரிட்டா பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். அதன் அனிமேஷன் டைம்லைன் நன்றாக இருக்கிறது, பிக்சல் பிரஷ்களும் உண்டு. இண்டெக்ஸ்டு மோடு கிடையாது. வரைந்து முடித்துப் பேலட்டுக்குள் இழுத்து அடக்க ஃபில்டர் இருக்கிறது. அப்படி இழுப்பதும் எண்ணாகவே வரைவதும் வேறு வேறு வேலை.

ஜனவரி 21

"பெரிய படமாக வரைந்துவிட்டுச் சுருக்கினால் பிக்சல் ஓவியம் வந்துவிடாதா? நேரம் மிச்சமாகுமே."

வராது. 512×512 படத்தை 32×32 ஆகச் சுருக்கும்போது 256 பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. கண்ணின் கருவிழி எந்த மூலையில் விழ வேண்டும் என்று நீங்கள் யோசித்து வைத்ததெல்லாம் அதில் சராசரி நிறமாகிப் போகும். சராசரி எடுக்காமல் நியரஸ்ட் நெய்பரில் சுருக்கினால் மெல்லிய கோடுகள் அங்கங்கே விட்டுப் போகும்.

32×32இல் கதாபாத்திரத்தின் தலைக்கு மொத்தமே 10×10 அளவுக்குத்தான் இடம் கிடைக்கும். அதில் கண்ணுக்கு இரண்டு பிக்சல், வாய்க்குச் சில சமயம் ஒன்றுகூடக் கிடையாது. எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்தக் கலையில் முக்கால் பங்கு. அந்த முடிவை மென்பொருளிடம் விட்டுவிட்டால் பிறகு நீங்கள் எதற்கு?

பெரிய ஓவியத்தை மாதிரியாகக் கீழே ஒரு லேயரில் மங்கலாக வைத்துக்கொண்டு மேலே கையால் வரைவது நல்ல முறை. நானும் செய்கிறேன்.

ஜனவரி 22

மேலே சொன்னதோடு சேர்ந்ததுதான்: திருப்புவதும் அப்படியே. 90 டிகிரி என்றால் சிக்கல் இல்லை, பிக்சல்கள் இடம் மட்டும் மாறும். 30 டிகிரியில் வாளைத் திருப்பினால் விளிம்பு சிதையும். ஏஸ்பிரைட்டில் ராட்ஸ்பிரைட் என்ற முறை இருக்கிறது, சாதாரணத் திருப்பலைவிட நன்றாகவே வரும். அதற்குப் பிறகும் கையால் திருத்தத்தான் வேண்டும். சின்ன ஸ்பிரைட் என்றால் ஒவ்வொரு கோணத்தையும் புதிதாக வரைவதே வேகம் என்பது என் அனுபவம்.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "8-பிட் மாதிரி" என்றால் நின்டெண்டோவின் பழைய கேம் இயந்திரமான என்.ஈ.எஸ். மாதிரி என்று சொல்லியிருக்கிறார். இதை முதல் நாளே கேட்டிருந்தால் பதில் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். மென்பொருளுக்கு முன்னால் இயந்திரத்தை முடிவு செய்ய வேண்டும்.

என்.ஈ.எஸ். திரை 256×240. எல்லாம் 8×8 டைல்களால் ஆனது. ஒரு ஸ்பிரைட்டுக்கு மூன்று நிறம், நான்காவது இடம் வெளிப்படை. ஸ்பிரைட்டுகளுக்கு ஒரே நேரத்தில் நான்கு பேலட், பின்னணிக்கும் நான்கு. பின்னணியில் ஒவ்வொரு 16×16 கட்டத்துக்கும் ஒரு பேலட்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் வராது. பழைய கேம்களில் எதிரிகள் கூட்டமாக வந்தால் மினுக்கு மினுக்கென்று மறைந்து தோன்றுவது இதனால்தான்.

மூன்று நிறம் போதாதபோது அந்தக் கால ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1987இன் மெகா மேனில் உடலும் முகமும் தனித்தனி ஸ்பிரைட்டுகள். உடலுக்கு ஒரு பேலட், முகத்துக்கு இன்னொரு பேலட், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அதிக நிறம் இருப்பது போலத் தோன்றும். அதற்கு விலையும் உண்டு, ஒரு வரிக்கு எட்டு என்ற வரம்பில் முகமும் இடம் பிடித்துக்கொள்ளும்.

இதை ஏஸ்பிரைட்டில் இப்படி அமைக்கலாம். இண்டெக்ஸ்டு மோடு, 16 இடங்கள் கொண்ட பேலட். 0 முதல் 3 வரை உடல், 4 முதல் 7 வரை முகம், இப்படி நான்கு நான்காக. ஒவ்வொரு நான்கிலும் முதல் இடம் வெளிப்படைக்கானது, அதைத் தொடக்கூடாது. உடல் ஒரு லேயரிலும் முகம் இன்னொரு லேயரிலும் இருக்கட்டும். கிரிடை 8×8 என்று வையுங்கள், பின்னணி வரையும்போது 16×16. விதியை மீறினால் மென்பொருள் தடுக்காது, கிரிடைப் பார்த்து நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். உண்மையான கார்ட்ரிட்ஜ் வரைக்கும் போகப்போகிறீர்கள் என்றால் கடைசிக் கட்டத்தில் டைல் தரவை நேரடியாகத் திறக்கும் ஒய்ஒய்-சிஎச்ஆர் போன்ற கருவி ஒன்றும் தேவைப்படும்.

பிப்ரவரி 4

இன்னொருவர் கேட்கிறார், உண்மையான இயந்திரத்தில் ஓடப்போவதில்லை, கணினியில்தான், அப்புறம் இந்த வரம்பெல்லாம் எதற்கு?

எல்லாவற்றையும் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றையாவது எடுத்துக்கொண்டால்தான் அந்தத் தோற்றம் வரும். "பழைய பாணி" என்று சொல்லிக்கொண்டு 200 நிறத்தில் மெல்லிய நிழல் போட்டிருக்கும் படங்களைப் பார்க்கிறேன். அவை அழகாக இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்தை நினைவூட்டுவதில்லை. அந்தக் காலத் தோற்றத்துக்குக் காரணம் சதுரங்கள் பெரிதாகத் தெரிவது மட்டும் இல்லை. ஒரே நீலம் வானத்துக்கும் கவசத்தின் நிழலுக்கும் தண்ணீருக்கும் வந்து போவது அதில் பெரும்பங்கு.

பிப்ரவரி 17

நிறச் சுழற்சி பற்றி எழுத மறந்து போகக்கூடாது என்று இப்போதே எழுதிவிடுகிறேன். அருவி, நெருப்பு, மின்னும் கடல் இவற்றை ஒரு ஃப்ரேம்கூட வரையாமல் அசைக்கலாம். அருவியைப் பேலட்டின் அடுத்தடுத்த எண்களில் கோடுகோடாக வரைந்துவிட்டு, அந்த இடங்களின் நிறங்களை வரிசையாகச் சுழற்றினால் தண்ணீர் விழும். பிக்சல் ஒன்றுகூட மாறாது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்காக டான் சில்வா எழுதி, 1985இல் அமிகா கணினியில் வந்த டீலக்ஸ் பெயின்ட் இந்த வித்தையை ஓவியர்கள் கையில் கொடுத்தது. மார்க் ஃபெராரி இதில் வரைந்த நிலக்காட்சிகளைத் தேடிப் பாருங்கள், மழையும் பனியும் நாள் முழுக்க மாறும் ஒளியும் அத்தனையும் 256 நிறத்துக்குள்.

இதற்காகவே கிராஃபக்ஸ்2 கணினியில் இருக்க வேண்டும் என்பேன். டீலக்ஸ் பெயின்ட்டைப் பார்த்து உருவானது, கட்டற்றது, சுழற்சி உள்ளேயே இருக்கிறது. புரோ மோஷனிலும் இருக்கிறது, அது விண்டோஸில் மட்டும். கிராஃபக்ஸ்2இன் திரை முதலில் பயமுறுத்தும். ஒரு வாரம் கீபோர்டு ஷார்ட்கட்களோடு பழகினால் போதும்.

மார்ச் 6

"160×200இல் வரைந்தேன், கமடோர் 64 எமுலேட்டரில் எல்லாமே அகலமாகத் தெரிகிறது."

கமடோர் 64 என்ற அந்தப் பழைய கணினியின் பலநிற மோடில் ஒரு பிக்சல் இரு மடங்கு அகலம். ஏஸ்பிரைட்டில் புது ஃபைல் திறக்கும்போதே பிக்சல் விகிதத்தை 2:1 என்று வைக்கலாம், பிறகு வட்டம் வட்டமாகவே தெரியும். இதே சிக்கல் பழைய டாஸ் கேம் பாணியிலும் வரும். 320×200 படத்தை 4:3 திரையில் காட்டினார்கள், ஆகவே பிக்சல் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். அந்தப் பழைய படங்களை இன்று சதுரப் பிக்சலில் பார்த்தால் எல்லோரும் கொஞ்சம் குள்ளமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மார்ச் 7

பெரிதாக்கும் அளவு எப்போதும் முழு எண்ணாக இருக்கட்டும். 320×180 என்றால் 6 மடங்கில் 1920×1080 கச்சிதமாக நிரம்பும். 256×240ஐ அதே திரையில் 4 மடங்காக்கினால் 960 உயரம், மிச்சத்தைக் கறுப்பாக விட்டுவிடலாம். 4.5 மடங்காக்கினால் சில பிக்சல் 4, சில பிக்சல் 5. கதாபாத்திரம் நடக்கும்போது முகம் நெளியும்.

மார்ச் 29

அனிமேஷன் வேகம் மென்பொருளில் ஒன்றாகவும் ஜிஃப்பில் வேறாகவும் தெரிகிறது என்று புகார். ஏஸ்பிரைட் ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் மில்லிசெகண்டில் வைத்திருக்கும். ஜிஃப் நூறில் ஒரு பங்கு நொடியில்தான் எண்ணும். நொடிக்கு 60 என்ற கணக்கில் நான்கு கேம் ஃப்ரேம் என்றால் சுமார் 67 மில்லிசெகண்ட், ஜிஃப்பில் அதை 60 அல்லது 70 என்றுதான் வைக்க முடியும். நேரம் 20 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் பிரவுசர்கள் அதை மதிக்காமல் 100 ஆக்கிவிடும், வேகமான வெடிப்பு ஆமை வேகத்தில் ஓடும். ஜிஃப்பைப் பிறருக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள், வேகத்தைக் கேமுக்குள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 12

பிரவுசரிலேயே வரையும் பிஸ்கல் பற்றி முன்பு ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு, அல்லது இன்று மாலையே ஒரு குதிக்கும் பந்தை வரைந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதைவிட எளிதானது இல்லை. திறந்ததும் வரையலாம், பக்கத்து ஃப்ரேமை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் இருக்கிறது, எல்லா ஃப்ரேமையும் ஒரே படத்தில் அடுக்கி ஸ்பிரைட் ஷீட்டாக எடுக்கலாம். பேலட்டை நம்பி வேலை செய்யத் தொடங்கியதும் வெளியே வர வேண்டியிருக்கும்.

பிக்சலோரமா அதைவிடப் பல படி மேலே. கட்டற்றது, கேம் உருவாக்கும் கோடோ எஞ்சினிலேயே கட்டப்பட்டது, டைல்மேப்பும் உண்டு. சமீபத்திய பதிப்புகளில் இண்டெக்ஸ்டு மோடும் வந்துவிட்டது, ஆகவே ஜனவரி 9ஆம் தேதி எழுதிய பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவர் இதில் தொடங்குவதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

ஏப்ரல் 13

மவுஸா டேப்லெட்டா? ஸ்பிரைட்டுக்கு மவுஸ். 128 பிக்சலுக்கு மேலான முகங்கள், பின்னணிகள் என்றால் பேனா. பேனாவின் அழுத்த உணர்வை அணைத்துவிடுங்கள்.

மே 2

கேள்வி கேட்டவர் கடைசியில் நின்டெண்டோவின் கையடக்க இயந்திரமான கேம் பாய்க்கு மாறிவிட்டாராம், லிப்ரஸ்பிரைட்டில் வரைகிறாராம். இரண்டுமே நல்ல முடிவு, நான்கு சாயல்தான் என்பதால் பேலட் தலைவலி பாதி குறையும். அவர் அனுப்பிய முதல் ஊர்த் திரையைப் பார்த்தேன். கூரைகள் பிரமாதம். ஆனால் அப்படியே ஓடாது.

திரை 160×144, அதாவது 20×18 என்று 360 டைல் இடங்கள். பின்னணியில் ஒரே நேரத்தில் 256 வெவ்வேறு டைல்களைத்தான் சாதாரணமாகக் காட்ட முடியும். எழுத்துகளும் உரையாடல் பெட்டியின் ஓரங்களும் அந்த 256க்குள்தான் வர வேண்டும். நீங்கள் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக வரைந்திருக்கிறீர்கள். ஓடுகளின் சாய்வை 8 பிக்சலுக்கு ஒரு முறை திரும்ப வரும்படி மாற்றுங்கள், வீடுகள் 8இன் மடங்கில் உட்காரட்டும், அதிலேயே பெரும்பகுதி குறைந்துவிடும். வலது கூரையை இடது கூரையின் கண்ணாடிப் பிம்பமாக வைத்தால் டைல் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பழைய கேம் பாயில் ஸ்பிரைட்டைத்தான் அப்படித் திருப்ப முடியும், பின்னணி டைலைத் திருப்ப முடியாது. இரண்டு பக்கமும் தனித்தனி டைல்களாகத்தான் எண்ணிக்கையில் சேரும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் முக்கோணத்தை விட்டுவிட்டு, ஒரே பக்கமாகச் சாயும் கூரை போட்டுப் பாருங்கள்.

லிப்ரஸ்பிரைட்டில் டைல்மேப் இல்லாததால் எத்தனை டைல் ஆகிறது என்பதை அது சொல்லாது. படத்தைப் பி.என்.ஜி. ஆக எடுத்து டைல்டு என்ற மேப் எடிட்டரில் டைல்செட்டாகத் திறந்து, ஒரே மாதிரி இருப்பவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிட்டு எண்ணுங்கள். அல்லது ஏஸ்பிரைட் 1.3இன் டைல்மேப் லேயரில் ஒட்டினால் அதுவே பிரித்துக் காட்டும், விருப்பம் உங்களுடையது. ஜே.பெக் மட்டும் வேண்டாம், நான்கு சாயல் நூறாகிவிடும். நீங்கள் அனுப்பிய படமே ஜே.பெக்தான், திருத்தியதைப் பி.என்.ஜி.யில் அனுப்புங்கள், டைல்களை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.